சொட்டு விட்ட மூன்றாம் நாள்: பிறையில் ஒரு கண்புரை நிகழ்வு

பாட்டி கடைக்குள் வந்ததும் நாற்காலியைத் தேடவில்லை. சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்து நின்றுகொண்டார். "உட்காருங்க பாட்டி" என்றேன். "குனிஞ்சா வாந்தி வருது தம்பி" என்றார். வலது கண்ணைக் கைக்குட்டையால் பொத்தியிருந்தார். மகள்தான் பேசினார்: "மூணு நாளா தலவலி, வாந்தி. கிளினிக்ல காஸ்ட்ரிக்னு மாத்திரை கொடுத்தாங்க. கண்ணு செவந்திருக்கிறதை நேத்துதான் பார்த்தோம்."

கைக்குட்டையை விலக்கிப் பார்த்தேன். கண் வெள்ளை முழுக்க ரத்தச் சிவப்பு. அதன் நடுவே கார்னியா, அதாவது கண்ணின் முன்னால் இருக்கும் கண்ணாடிப் படலம், ஆவி படிந்த ஜன்னல் மாதிரி மங்கிக் கிடந்தது. டார்ச் அடித்தேன். கண் பாப்பா சுருங்கவில்லை. வட்டமாகவும் இல்லை, முட்டை வடிவில் பாதி விரிந்து அப்படியே நின்றது. மூடிய இமைமேல் இரண்டு விரல் வைத்து மெல்ல அழுத்தினேன். கோலிக்குண்டைத் தொட்டதுபோல் இருந்தது. கருவியில் அளந்தால் கண் அழுத்தம் 58. சராசரிக் கண்ணில் அது 10 முதல் 21 வரைதான் இருக்கும்.

இடது கண்ணில் வலியோ சிவப்போ கிடையாது. ஆனால் அதற்குள் டார்ச் அடித்தபோதுதான் என் வயிறு கலங்கியது. அந்தப் பாப்பாவும் பெரிதாக விரிந்திருந்தது, வெளிச்சத்துக்கு அசையவில்லை. இரண்டு கண்ணிலும் ஏதோ ஒரு மருந்து இருக்கிறது.

"என்ன சொட்டு விட்டீங்க பாட்டி?"

பாட்டி பேசவில்லை. மகள் கைப்பையைத் திறந்து விரல் நீளப் பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். லேபிள் இல்லை. அடியில் பழுப்பு வண்டல். மூடியைத் திறந்தபோது தேன் வாசனை.

நான் பினாங்கு பெருநிலப் பகுதியில், பிறையில், கண்ணாடிக் கடை வைத்திருக்கும் ஆப்டோமெட்ரிஸ்ட், அதாவது பார்வையைச் சோதித்துக் கண்ணாடி எழுதித் தருபவன். அறுவை செய்பவன் இல்லை. மருத்துவமனையில் நடந்தவற்றைக் குடும்பத்தார் காட்டிய வெளியேற்றக் குறிப்பிலிருந்தும் நிபுணர் எனக்கு எழுதிய கடிதத்திலிருந்தும் எடுத்துச் சொல்கிறேன். பாட்டியும் மகளும் எழுதச் சொல்லி அனுமதி தந்தார்கள். அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

முதல் வருகை

பாட்டிக்கு அப்போது வயது 71. அப்பா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி வந்தவர். பாட்டி பிறந்தது இங்கே, ரப்பர் தோட்டத்து லயத்தில். இருபது ஆண்டுக்கும் மேல் பால்மரம் சீவினார். தோட்டம் மூடிய பிறகு மகளோடு அடுக்குமாடி வீட்டுக்கு வந்தார். கோயிலுக்குப் பூக்கட்டிக் கொடுப்பதுதான் அதன்பின் அவர் வேலை. 14 ஆண்டாகச் சர்க்கரை நோய், மாத்திரை சாப்பிடுகிறார்.

2023 மார்ச்சில் முதன்முதலாக என் கடைக்கு வந்தபோது கேட்டார்: "பூ விழுந்திருக்கா தம்பி?" நம் ஆட்கள் பலரும் அப்படித்தான் கேட்கிறார்கள். இந்தச் சொல்லில் ஒரு சிக்கல் உண்டு. கார்னியாவில் புண் வந்து ஆறி விழுந்த வெள்ளைத் தழும்பும் நமக்குப் "பூ"தான். கண்ணுக்குள்ளே லென்ஸ் வெளுத்துப்போவதும் "பூ"தான். முன்னது வெளிப்படலத்தில் இருப்பது, பின்னது பாப்பாவுக்குப் பின்னால் இருப்பது. சொட்டு விட்டால் பூ கரையும் என்ற நம்பிக்கை இந்தக் குழப்பத்தில்தான் வேர் பிடித்தது என்று எனக்குத் தோன்றுகிறது. மேலே ஒட்டியிருக்கிற ஏதோ ஒன்று, கழுவினால் போய்விடும் என்று நினைக்கிறார்கள். கண்புரை மேலே படிந்த அழுக்கல்ல. முட்டையின் வெள்ளைக்கரு சூட்டில் வெளுப்பதுபோல் லென்ஸின் புரதமே தன்மை மாறிக் கட்டிப்போவது. வெந்த முட்டையை எதை ஊற்றிப் பச்சை முட்டையாக்குவது?

வலது கண் 6/60, இடது கண் 6/24 என்று குறித்தேன். நல்ல கண் 60 மீட்டரில் படிக்கும் எழுத்தை அந்த வலது கண் 6 மீட்டருக்கு வந்தால்தான் படிக்கும். கடிதம் எழுதிக் கொடுத்து அரசு மருத்துவமனைக்கு அனுப்பினேன். அங்கே நிபுணர் பார்த்து, ஜூலையில் வலது கண்ணுக்கு அறுவை என்று நாள் கொடுத்தார்.

இந்த இடத்தில் என் பங்கைச் சொல்லிவிட வேண்டும். அன்று பக்கவாட்டில் டார்ச் அடித்து, கார்னியாவுக்குப் பின்னால் இருக்கும் முன்னறை ஆழமாக இருக்கிறதா, மேலோட்டமாக இருக்கிறதா என்று பார்த்ததாக என் குறிப்பில் ஒரு வரி இல்லை. அதைவிடப் பெரிய தவறு ஒன்று: அறுவை எப்படி நடக்கும் என்று பாட்டியிடம் நான் விளக்கவே இல்லை. மருத்துவமனையில் சொல்வார்கள் என்று நினைத்தேன். மருத்துவமனையில் நீண்ட வரிசை. ஒப்புதல் படிவம் மலாயில். மகள் வாசித்துக் கையெழுத்து வாங்கிக் கொடுத்தார். கண்ணை வெளியே எடுத்துக் கழுவி மறுபடி உள்ளே வைப்பார்கள் என்று அடுக்குமாடியில் யாரோ சொன்னதைப் பாட்டி மார்ச்சிலிருந்து ஜூன் வரை மனசுக்குள் சுமந்துகொண்டிருந்திருக்கிறார். எங்கள் யாருக்கும் அது தெரியாது.

பாட்டில் வந்த கதை

ஜூன் தொடக்கத்தில் தெரிந்தவர் வீட்டுக்கு மாதம் ஒருமுறை வந்துபோகும் வைத்தியர் ஒருவரிடம் பாட்டியைக் கூட்டிப் போனார்கள். அவர் ஒரு மணி நேரம் உட்கார வைத்துப் பேசினாராம். நாடி பார்த்தார், தோட்டத்துக் காலத்தைப் பற்றிக் கேட்டார், "கத்தி வேணாம்மா, கண்ணுக்குள்ள இருக்கிறது கரைஞ்சிடும்" என்றார். ஊமத்தை இலைச் சாறும் தேனும் சேர்த்து இறக்கிய மருந்து, இரண்டு கண்ணிலும் காலை மாலை இரண்டிரண்டு சொட்டு. ஒரு பாட்டில் 150 வெள்ளி (ரிங்கிட்).

மூன்றாம் நாள் காலையில் பாட்டி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, "மணி எட்டேகால்" என்று தானாகச் சொன்னார். வீடே சந்தோஷப்பட்டது. மகள் என்னிடம் இதைச் சொல்லும்போது அழுதார். "கண் தெரிஞ்சது தம்பி. நான் பொய் சொல்லல, உண்மையாவே தெரிஞ்சது."

அவர் பொய் சொல்லவில்லை. இந்த நிகழ்வில் எல்லாரும் புரிந்துகொள்ள வேண்டிய இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

புரை பெரும்பாலும் லென்ஸின் நடுவில்தான் அடர்த்தியாக இருக்கும், ஓரம் ஓரளவு தெளிவாக இருக்கும். வெளிச்சத்தில் பாப்பா சிறுத்துவிட்டால் பார்வை முழுவதும் அந்த இருண்ட நடுப்பகுதி வழியாகவே போக வேண்டும். ஊமத்தையில் அட்ரோபின், ஸ்கோபலமின் என்ற பொருள்கள் இருக்கின்றன. இரண்டும் பாப்பாவை விரிய வைப்பவை. பாப்பா விரிந்ததும் லென்ஸின் ஓரத்து வழியாக ஒளி உள்ளே நுழைகிறது. கடிகார முள் தெரிகிறது. புரை கடுகளவும் கரையவில்லை. வாசல் மட்டும் அகலமாகத் திறந்திருக்கிறது. மருத்துவமனையிலும் இப்படி விரிக்கும் சொட்டு விட்டுத்தான் சோதிக்கிறார்கள், பாட்டிக்கும் விட்டிருந்தார்கள். ஆனால் அந்தச் சொட்டு சில மணி நேரத்தில் அடங்கிவிடும். அட்ரோபின் வாரக்கணக்கில் நிற்கக்கூடியது. பச்சிலைச் சாற்றில் அது எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளந்து தர யாரும் இல்லை.

ஆறாம் நாள் பாட்டிக்கு வாய் வறண்டது, தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தார், இரவில் ஒன்றிரண்டு முறை உளறினார். சர்க்கரை ஏறிவிட்டது என்று வீட்டில் நினைத்தார்கள். கண்ணில் விட்ட சொட்டு கண்ணோடு நிற்காது. கண்ணீர்க் குழாய் வழியாக மூக்குக்கு இறங்கி ரத்தத்தில் கலந்துவிடும். வாய் வறட்சியும் உளறலும் ஊமத்தையின் குணங்கள்தான். பாட்டிக்கே ஏதோ சந்தேகம் தட்டி அன்றோடு சொட்டை நிறுத்திக்கொண்டார்.

எட்டாம் நாள் இரவு வலது பொட்டில் இடி விழுந்ததுபோல் வலி. மின்விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிந்ததாம். பிறகு வாந்தி.

உள்ளே நடந்தது

கண்ணுக்குள் ஒரு தெளிந்த நீர் ஓயாமல் ஊறிக்கொண்டிருக்கிறது. ஐரிஸ் என்ற வண்ணத்திரைக்குப் பின்னால் சுரந்து, பாப்பா வழியாக முன்னறைக்கு வந்து, ஐரிஸும் கார்னியாவும் சந்திக்கும் மூலையில் உள்ள சல்லடை வழியாக வெளியேறும். வீட்டு மொட்டைமாடியில் மழைநீர் போகும் குழாய் மூலையில்தானே இருக்கும், அதுபோல. மார்ச்சிலிருந்து ஜூனுக்குள் பாட்டியின் வலது லென்ஸ் நீர் கோத்து வீங்கிவிட்டிருந்தது. முற்றிவரும் புரையில் இது நடப்பதுண்டு. வீங்கிய லென்ஸ் ஐரிஸை முன்னுக்குத் தள்ள, மூலை ஏற்கனவே இடுங்கியிருந்தது. பாப்பா முழுதாக விரிந்திருக்கும் நேரத்தைவிட, மருந்தின் வீரியம் குறைந்து அது பாதி நிலையில் நிற்கும் நேரம்தான் அதிக ஆபத்து. அப்போதுதான் ஐரிஸ் லென்ஸோடு இறுக ஒட்டி நீர் போகும் வழியை அடைக்கும். சொட்டை நிறுத்தி இரண்டு நாள் கழித்து வலி வந்ததன் காரணம் இதுதான். "நிறுத்தின பிறகுதானே வந்துச்சு, அப்போ சொட்டால இல்லையே" என்று உறவினர் ஒருவர் என்னிடம் வாதாடினார். அவருக்குப் படம் போட்டுக் காட்டினேன்.

வயதானவர்கள், பெண்கள், கிட்டப் பார்வைக்கு நேர்மாறான குட்டையான கண் அமைப்பு உடையவர்கள் ஆகியோருக்கு இந்த ஆபத்து கூடுதல். பாட்டியிடம் மூன்றுமே இருந்தன.

இப்படி அழுத்தம் ஏறி நிற்கும்போது நசுங்குவது பார்வை நரம்பு. சுமார் 12 லட்சம் இழைகள் கொண்ட கயிறு அது. இழை செத்தால் மீண்டும் முளைக்காது. பாட்டியின் கண் மூன்று இரவு அப்படி இருந்திருக்கிறது. காஸ்ட்ரிக் என்று மாத்திரை கொடுத்த கிளினிக்கை நான் திட்டப் போவதில்லை. வாந்தியும் தலைவலியுமாக வருபவரின் கண்ணை டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும் என்பது எல்லாருக்கும் நினைவுக்கு வராது. ஆனால் கண் சிவப்போடு தலைவலி, வாந்தி என்றால் அது வயிற்றுக் கோளாறில்லை என்பதை நம் வீடுகளில் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அது மணிக்கணக்கில் பார்வையைத் தின்னும் அவசர நிலை.

மருத்துவமனையில்

நேரே அவசரப் பிரிவுக்கு நானே காரில் கொண்டுபோனேன். வலது கண்ணில் அப்போது கை அசைவது மட்டும்தான் தெரிந்தது. அழுத்தத்தைக் குறைக்க ரத்தக்குழாய் வழியாக ஆசீடசோலமைடும் மானிட்டாலும் ஏற்றினார்கள். டிமோலோல் சொட்டு, வீக்கம் குறைக்கும் ஸ்டீராய்டு சொட்டு. சர்க்கரை நோயாளி என்பதால் சிறுநீரகத்தை முதலில் பார்த்துவிட்டுத்தான் மருந்து ஏற்றினார்கள். மறுநாள் அழுத்தம் 30-க்குக் கீழே வந்தது, நாலாம் நாள் 18.

இடது கண்ணில் பாப்பாவைச் சுருக்க பைலோகார்பின் சொட்டு விட்டார்கள். அது மசியவே இல்லை. நரம்புக் கோளாறால் விரிந்த பாப்பாவாக இருந்தால் பைலோகார்பினுக்குச் சுருங்கும். அட்ரோபின் வகை மருந்து பூட்டிய பாப்பா சுருங்காது. வைத்தியர் சொன்ன ஊமத்தைக்கு அந்தப் பாப்பாவே சாட்சி சொல்லிவிட்டது. பிறகு அந்தக் கண்ணுக்கும் இதே கதி வராமலிருக்க லேசரால் ஐரிஸின் ஓரத்தில் பொடித் துளை ஒன்று போட்டு, நீருக்கு மாற்று வழி திறந்தார்கள்.

வலது கண்ணின் வீக்கம் தணிய இரண்டு வாரம் காத்திருந்து புரையை எடுத்தார்கள். மார்ச்சிலேயே செய்திருந்தால் அது வழக்கமான அறுவை: மரத்துப்போக மருந்து, மூன்று மில்லிமீட்டருக்கும் குறைந்த கீறல், ஒலி அலையால் லென்ஸைப் பொடித்து உறிஞ்சி, அதே உறைக்குள் மடித்த செயற்கை லென்ஸை வைத்தல், சிக்கல் இல்லாவிட்டால் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். கண்ணை யாரும் வெளியே எடுப்பதில்லை. இப்போதோ ஐரிஸ் ஒட்டியிருந்தது, பாப்பா சரியாக விரியவில்லை, லென்ஸைத் தாங்கும் இழைகள் தளர்ந்திருந்தன. அறுவை ஒன்றரை மணி நேரம் போனது. லென்ஸ் நல்லபடியாக உட்கார்ந்தது. கட்டுப் பிரித்தபோது கண் பளிங்குபோல் தெளிவாக இருந்தது, ஆனால் உள்ளே நரம்பு வெளுத்துவிட்டிருந்தது. ஒரு மீட்டரில் விரல் எண்ணும் அளவுக்குத்தான் பார்வை வந்தது. அது இனி ஏறாது.

இடது கண் அறுவை செப்டம்பரில் நடந்தது. இந்த முறை முந்தின நாள் என் கடையில் பாட்டியை உட்கார வைத்து, செயற்கை லென்ஸ் மாதிரி ஒன்றை அவர் உள்ளங்கையில் வைத்தேன். "இம்புட்டுதானா?" என்றார். புடலங்காய் விதையைவிடச் சின்னது. அதை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். மார்ச்சில் இதை நான் செய்திருந்தால் என்ற நினைப்பு இன்றும் என்னை விடவில்லை.

பாட்டிலும் சட்டமும்

மலேசியாவில் மருந்து, அழகுப்பொருள் கட்டுப்பாட்டு விதிகள் 1984-ஆம் ஆண்டிலிருந்து இருக்கின்றன. அதன்படி பாரம்பரிய மருந்து என்ற வகைக்குள் கிருமி நீக்கித் தயாரிக்க வேண்டிய எதுவும் வராது. ஊசி மருந்தும் வராது, கண் சொட்டும் வராது. அதாவது பதிவு பெற்ற பாரம்பரியக் கண் சொட்டு என்று இந்த நாட்டில் ஒன்று இருக்கவே முடியாது. பாரம்பரிய மருந்துப் பொட்டலத்தில் எம்.ஏ.எல். (MAL) என்று தொடங்கும் பதிவு எண்ணின் முடிவில் டி (T) என்ற எழுத்து இருக்கும். கண் சொட்டு ஒன்றில் அந்த டி-யைப் பார்த்தால் அதுவே போலி என்பதற்கு அடையாளம். லேபிளே இல்லாத பாட்டிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இது போன்ற பதிவில்லாத மருந்துகளில் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டைக் கலந்து விற்பது இங்கே பலமுறை பிடிபட்டிருக்கிறது. கண்ணில் அது வேறு வகையில் ஏமாற்றும்: சிவப்பும் உறுத்தலும் உடனே மறையும், ஆனால் மாதக்கணக்கில் விட்டால் அழுத்தம் ஏறும், புரையும் வேகமாக வளரும், பூஞ்சைத் தொற்று இருந்தால் கார்னியா அழுகும்.

சித்த மருத்துவத்தின் மேல் எனக்குப் பகை கிடையாது. கண்ணோய்களை 96 என்று வகைபிரித்து எழுதிவைத்த மரபு அது. தஞ்சையில் இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்துக் கண் நோயாளிகளின் படங்களும் குறிப்புகளும் சரசுவதி மகாலில் இன்றும் இருக்கின்றன. பழங்காலத்தில் புரைக்குப் பல நாடுகளிலும் இருந்த வழி ஊசியால் லென்ஸை உள்ளே தள்ளிவிடுவதுதான். சுசுருதர் காலத்திலிருந்து அதுதான் நடந்தது. லென்ஸை வெளியே எடுக்கும் முறை 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரான்சில் ஜாக் டாவியேலிடமிருந்து வந்தது; செயற்கை லென்ஸ் 1949-இல் லண்டனில் ஹரோல்ட் ரிட்லியிடமிருந்து. ஆப்பிரிக்காவின் சில பகுதிகளில் ஊசியால் தள்ளுவது இன்னும் நடக்கிறது, கண்கள் போகின்றன. பினாங்கில் என் காலத்தில் அதை நான் பார்த்ததில்லை. இங்கே நான் பார்ப்பது சொட்டுகள்: தேன், தாய்ப்பால், வெங்காயச் சாறு, வெற்றிலை ஊறிய தண்ணீர். எருக்கம்பால் பட்ட கண் ஒன்றும் பார்த்திருக்கிறேன். அது வலிக்காமலேயே கார்னியாவின் உள் அணுக்களைக் கொன்றுவிடும், அதனால் வருபவர்கள் தாமதமாகத்தான் வருவார்கள். புரையைக் கரைப்பதாக மனிதரிடம் நிரூபிக்கப்பட்ட சொட்டு எந்த மருத்துவ முறையிலும் இல்லை, எங்கள் நவீன மருத்துவம் உட்பட. வீட்டுப் பின்கட்டில் பிழிந்த சாறுதான் அதைச் செய்துவிடும் என்று சொல்பவர், கற்ற சித்த வைத்தியராகவும் இருக்கமாட்டார்.

இன்னொன்று. புரை முற்றும்போது சிலருக்குக் கிட்டத்தில் இருப்பது மறுபடி நன்றாகத் தெரியும், கண்ணாடி இல்லாமல் பேப்பர் படிப்பார்கள். லென்ஸின் நடு அடர்த்தியாகி அதன் வலு கூடுவதால் வருவது அது. அந்த நேரம் பார்த்து யார் என்ன கொடுத்திருந்தாலும் பெயர் அதற்குப் போய்விடும்.

2014-இல் நடந்த தேசியக் கண் ஆய்வில் 50 வயதுக்கு மேற்பட்டவர்களின் பார்வையிழப்புக்கு முதல் காரணமாக வந்தது சிகிச்சை பெறாத கண்புரை: 58.6 விழுக்காடு. அறுவை இல்லாத ஊரில் இந்தக் கணக்கு வந்திருந்தால் எனக்குப் புரியும். 1 வெள்ளிக்குப் பதிவுச் சீட்டுக் கிடைக்கும் ஊரில் வந்திருக்கிறது. இந்த எண்ணுக்குள் பயமும் இருக்கிறது, பேச ஆளில்லாததும் இருக்கிறது. அந்த வைத்தியர் விற்றது ஊமத்தைச் சாறு. ஆனால் பாட்டி 150 வெள்ளி கொடுத்தது அந்த ஒரு மணி நேரப் பேச்சுக்கு.

இப்போது நான் புரைக்குக் கடிதம் எழுதும் ஒவ்வொருவரையும் இரண்டு வாரத்தில் ஒருமுறை போனில் கூப்பிடுகிறேன். "சொட்டு ஏதாவது விடுறீங்களா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் வரும். "யார் யார் என்னென்ன சொன்னாங்க?" என்று கேட்டால் கதை முழுதும் வரும். யாரையும் திட்டுவதில்லை. திட்டியிருந்தால் அன்று அந்தக் கைப்பை திறந்திருக்காது.

போன தைப்பூசத்துக்கு முன்னால் பாட்டி வீட்டுக்குப் போனேன். இடது கண் 6/9, அழுத்தம் இரண்டு கண்ணிலும் 14, வலது கண்ணுக்கு மட்டும் இரவுச் சொட்டு தொடர்கிறது. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு அனுப்ப மல்லிகை கட்டிக்கொண்டிருந்தார். கட்டுவதில் பழைய வேகம் அப்படியே இருந்தது. ஆயுசுக்கும் வலது பக்கம் இருந்த பூத்தட்டு இடது பக்கம் வந்திருந்தது. பேரன் விளையாட்டாக அதை வலப்பக்கம் நகர்த்திவைக்க, பாட்டியின் கை பூவுக்கு முக்கால் ஜாண் தள்ளித் தரையைத் தடவியது. பிறகு தலையை முழுதாகத் திருப்பிப் பார்த்து, தட்டைப் பழைய இடத்துக்கு இழுத்துக்கொண்டார்.